மெதுவான மடிக்கணினியும் ஒரு சின்ன அட்டையும்

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அதனால் கணினிச் சொற்கள் சிலவற்றின் பிரெஞ்சுப் பெயர்தான் எனக்குச் சட்டென்று விளங்கும். 'ராம்' என்பது பிரெஞ்சில் 'மெமுவார் வீவ்', உயிருள்ள நினைவகம். 'ரோம்' என்பது 'மெமுவார் மோர்த்', செத்த நினைவகம். மின்சாரம் நின்றால் உயிருள்ளது எல்லாவற்றையும் மறந்துவிடும். செத்தது மறக்காது, ஆனால் புதிதாக எதையும் எழுதிக்கொள்ளாது. மறக்காமலும் இருக்க வேண்டும், அழித்து எழுதவும் வேண்டும் என்ற ஆசையில் வளர்ந்ததுதான் ஃப்ளாஷ் நினைவகம்.

ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா 1984-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மாநாட்டில் இதை அறிவித்தார். இதில் ஒரு பெரிய பகுதியை ஒரே வீச்சில் அழித்துவிடலாம். அது கேமராவின் ஃப்ளாஷ் போல இருக்கிறது என்று உடன் வேலை பார்த்த ஷோஜி அரிஇசுமி சொல்ல, அதுவே பெயராக நின்றுவிட்டது. 1987-இல் மசுவோகா குழுவினர் 'நேண்ட்' என்ற மலிவான வகையைக் கொண்டுவந்தார்கள். 1999-இல் தோஷிபா, சான்டிஸ்க், மாட்சுஷிடா மூன்றும் சேர்ந்து எஸ்.டி. கார்டை அறிவித்தன. கேமராவுக்காக வாங்கிய அந்த அட்டை பிறகு கணினிக்கும் வந்து சேர்ந்தது.

2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா கடைக்கு வந்தது. 512 எம்.பி. ராம் உள்ள மடிக்கணினிகள் அதன் பாரம் தாங்காமல் திணறின. அதற்கு மைக்ரோசாப்ட் சொன்ன கைவைத்தியம் 'ரெடிபூஸ்ட்'. ஒரு பென் டிரைவையோ எஸ்.டி. கார்டையோ செருகினால், அடிக்கடி தேவைப்படும் தகவல்களின் நகலை விண்டோஸ் அதில் வைத்துக்கொள்ளும். இப்படி நகலை ஒதுக்கி வைக்கும் இடத்துக்கு 'கேஷ்' என்று பெயர். ஒளித்து வைப்பதற்கு பிரெஞ்சில் 'கஷே' என்பார்கள். அதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் இது.

நாற்பது வருடம் கோப்புகளோடு வாழ்ந்தவனுக்கு இது புதிதல்ல. மேசைமேல் இருப்பது ராம். கட்டடத்தின் கோடியில் இருக்கும் ரெக்கார்டு ரூம் ஹார்டு டிஸ்க். ஒரு பெரிய கட்டை மொத்தமாகக் கேட்டால் அட்டெண்டர் ஒரே நடையில் கொண்டுவந்துவிடுவார். பத்துக் கோப்புகளிலிருந்து ஒவ்வொரு தாளாகக் கேட்டால் பத்து நடை. அந்தத் தாள்களின் நகலைப் பக்கத்து ரேக்கில் வைத்துக்கொள்வதுதான் ரெடிபூஸ்ட்.

அந்த நடையைக் கணக்காகவும் பார்க்கலாம். ஹார்டு டிஸ்க் ஒரு துண்டைத் தேடி எடுக்க ஏறக்குறைய 10 மில்லி விநாடி. விநாடிக்கு 100 துண்டு. ரெடிபூஸ்டுக்கு விஸ்டா விதித்த தகுதி, 4 கிலோபைட் துண்டுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக விநாடிக்கு 2.5 எம்.பி. படிக்க வேண்டும் என்பது. அது விநாடிக்கு 600 துண்டுக்கு மேல். பெரிய கோப்பை வரிசையாகப் படிப்பதில் ஹார்டு டிஸ்கே வேகம் என்பதால், அந்த வேலையை விண்டோஸ் அதனிடமே விட்டுவிட்டது.

அட்டை வாங்கப் போனவர்கள் குழம்பியது இங்கேதான். அட்டைமேல் அச்சிட்ட 'கிளாஸ் 2', 'கிளாஸ் 4', 'கிளாஸ் 6' எல்லாம் வரிசையாக எழுதும் வேகம், கேமராவில் படம் பிடிக்கத் தேவையானது. சிதறிய துண்டுகளைப் படிக்கும் வேகத்தை அந்த எண் சொல்லாது. விலை கூடிய அட்டையை வாங்கிச் செருகினாலும், 'இது ரெடிபூஸ்டுக்கு ஏற்றதல்ல' என்று விண்டோஸ் கைவிரித்ததுண்டு. சில சமயம் குற்றம் அட்டையில் இல்லை. மடிக்கணினியில் இருந்த மெதுவான கார்டு ரீடரில் இருந்தது. சிதறிய துண்டுகளின் வேகத்தைக் காட்டும் 'ஏ1' முத்திரை 2016-இல்தான் வந்தது. அதுவும் செல்போனுக்காக.

அளவிலும் வரம்பு உண்டு. விஸ்டாவில் குறைந்தது 256 எம்.பி., அதிகம் 4 ஜி.பி. ராமின் அளவுக்குச் சமமாகவோ இரண்டரை மடங்கு வரையிலோ இருந்தால் போதும் என்பது மைக்ரோசாப்டின் ஆலோசனை. அட்டையில் இருப்பது நகல்தான், பிடுங்கிவிட்டாலும் நஷ்டமில்லை. தகவலைக் குறியாக்கம் செய்தே எழுதியதால் அட்டை திருட்டுப் போனாலும் பயமில்லை.

ஆனால் ராம் 2 ஜி.பி. ஆனதும் இதன் பலன் வெகுவாகக் குறைந்தது. காசு இருந்தவர்கள் ராம் வாங்கிப் போட்டார்கள். அது முடியாதவர்களுக்குத்தான் அட்டை. பிறகு எஸ்.எஸ்.டி. வந்தது. அதைப் பார்த்துவிட்டால், இந்தக் கணினிக்கு ரெடிபூஸ்ட் தேவையில்லை என்று விண்டோஸ் 7 தானே ஒதுங்கிக்கொண்டது. எஸ்.எஸ்.டி.யும் அதே ஃப்ளாஷ்தான். பக்கத்து ரேக்கில் இருந்தது ரெக்கார்டு ரூமாகவே ஆகிவிட்டது.

இன்று பழைய மடிக்கணினியை வைத்துக்கொண்டு யோசிப்பவர்களுக்கு என் பதில்: அட்டையைத் தேடாதீர்கள்; ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்கள்.

மசுவோகா தன் கண்டுபிடிப்புக்கு உரிய பங்கு கேட்டு 2004-இல் தோஷிபா மேல் வழக்குப் போட்டார். கேட்டது 100 கோடி யென். 2006-இல் சமரசமாகக் கிடைத்தது 8 கோடியே 70 லட்சம் யென். உலகத்தின் பாதி ஞாபகம் இன்று அவர் செய்த சில்லில் இருக்கிறது. அட்டையின் மேல் கிளாஸ், கொள்ளளவு, கம்பெனி பெயர் எல்லாம் அச்சாகியிருக்கும். அவர் பெயரை மட்டும் நாம்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.