முக்தாவின் கட்டுரை யார் அலமாரியில் இருந்தது?

1855இல், பூனாவில் சாவித்திரிபாய் பூலேவும் ஜோதிராவ் பூலேவும் நடத்திய பள்ளியில் படித்த முக்தா சால்வே என்ற மாங் சாதிச் சிறுமி ஒரு கட்டுரை எழுதினாள். அப்போது அவளுக்கு 14 வயது என்பார்கள். மாங், மகர் மக்களின் துயரத்தைப் பற்றிய அந்தக் கட்டுரை ‘ஞானோதயா’ என்ற மராத்தி இதழில் அந்த ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரண்டு பகுதிகளாக வெளியானது. தலித் பெண்களின் எழுத்தில் இன்று நம் கைக்குக் கிடைப்பவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று இது.

வேதம் பார்ப்பனருக்கு மட்டும்தான் சொந்தம் என்றால் எங்களுக்கென்று வேதம் இல்லை, அப்படியானால் எங்கள் மதம் எது என்று கடவுளிடமே கேட்கிறாள் முக்தா. பேஷ்வா ஆட்சியில் தம் மக்கள் நிலத்தைவிட்டுத் துரத்தப்பட்டதையும், பெரிய வீடுகளின் அஸ்திவாரத்தில் பலியாகப் புதைக்கப்பட்டதையும் எழுதுகிறாள். உடற்பயிற்சிக் கூடத்தின் முன்னால் நடந்துபோனதற்காகத் தலையை வெட்டிப் பந்தாடினார்கள் என்கிறாள். பிறகு, ஒதுங்கக் கூரைகூட இல்லாமல் மழையிலும் குளிரிலும் பிள்ளை பெறும் பெண்களைப் பற்றிச் சொல்கிறாள். அரசியல் கட்டுரைக்குள் பிரசவ வேதனையைக் கொண்டுவர ஒரு பள்ளிச் சிறுமி வரவேண்டியிருந்தது.

பார்ப்பனரைச் சாடியதோடு அவள் நிறுத்தவில்லை. மகர்கள் தங்களை மாங்குகளைவிட உயர்ந்தவர்களாக நினைத்துக்கொள்வதையும் போட்டு உடைக்கிறாள். முக்தாவைக் கொண்டாடும் மேடைகளில் இந்த இடம் மட்டும் வசதியாக விடுபட்டுவிடுவது உண்டு. நாம் அதையும் சேர்த்தே படிக்கவேண்டும். ஆங்கிலேய ஆட்சியை அவள் புகழ்வதைக் கண்டும் நெளியத் தேவையில்லை தோழர்களே. பேஷ்வா ஆட்சி முடிந்தது 1818இல். அதை நேரில் அனுபவித்த கிழவர்களும் கிழவிகளும் அவள் தெருவிலேயே இருந்திருப்பார்கள்.

சரி, இந்தக் கட்டுரை எப்படித் தப்பியது? ‘ஞானோதயா’ அமெரிக்க மிஷனரிகள் நடத்திய இதழ். இந்துமதத்தின் மீதான ஒரு சிறுமியின் கேள்வி அவர்களுக்கும் தோதாக இருந்தது. அச்சகமும் அலமாரியும் அவர்களிடம் இருந்தன. முக்தாவின் சேரியில் அப்படி ஓர் அலமாரி இருந்திருக்க முடியுமா? அவள் எழுதியதாக வேறெதுவும் நமக்கு வந்துசேரவில்லை. காப்பகம் நமக்குச் சும்மா எதையும் பத்திரப்படுத்தித் தருவதில்லை. யாருக்கோ எதற்கோ தேவைப்பட்டதுதான் அங்கே மிஞ்சுகிறது.

நூறாண்டுக்கு மேல் கழித்தும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. சத்தாரா மாவட்டம் பல்டணில் சின்ன மளிகைக்கடை நடத்தியவர் பேபி காம்ப்ளே. பொட்டலம் கட்ட வைத்திருந்த பழைய செய்தித்தாள்களைப் படித்தே வாசிப்புப் பழக்கம் வந்தது அவருக்கு. கடையில் உட்கார்ந்தபடியே தன் மக்களின் வாழ்க்கையை எழுதினார். எழுதியதை வீட்டாருக்குத் தெரியாமல் 20 ஆண்டுகள் ஒளித்துவைத்தார். வெளியே ஊர்ச்சாதி, வீட்டுக்குள் கணவன் என்று இரண்டு பக்கமும் பயம். 1982இல் ‘ஸ்திரீ’ இதழில் தொடராக வந்த பிறகுதான், 1986இல் ‘ஜிணா அமுசா’ புத்தகமானது. அந்த 20 ஆண்டுகளில் ஒரு மழை ஒழுகியிருந்தால், கரையான் ஏறியிருந்தால் அது நமக்கு இல்லை.

எழுதத் தெரியாதவர்களின் கதை இன்னும் மோசம். மகாராஷ்டிர அரசு வெளியிட்ட அம்பேத்கர் நூல் தொகுதிகளைத் தொகுத்தவர் வசந்த் மூன். அவருடைய மனைவி மீனாட்சி மூன், எழுத்தாளர் ஊர்மிளா பவாரோடு சேர்ந்து, அம்பேத்கர் இயக்கத்தில் இருந்த பெண்களைத் தேடிப்போய் அவர்கள் நினைவுகளைக் கேட்டு எழுதினார். ‘நாங்களும் வரலாறு படைத்தோம்’ என்ற பொருள்படும் தலைப்பில் 1989இல் மராத்தியில் வந்தது அந்த நூல். தலைவரின் எழுத்தைத் தொகுக்க அரசாங்கம் இருந்தது, மிக அவசியமான வேலைதான். தலைவரின் பின்னால் நடந்த பெண்களின் பேச்சைத் தொகுக்க இரண்டு பெண்கள் கிளம்பவேண்டியிருந்தது.

1942 ஜூலையில் நாக்பூரில் நடந்த ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டின் தீர்மானங்கள் ஏட்டில் இருக்கின்றன. விவாகரத்து உரிமை வேண்டும், பலதார மணம் ஒழியவேண்டும், ஆலையிலும் பீடித்தொழிலிலும் வேலைசெய்யும் பெண்களுக்கு விடுப்பு வேண்டும் என்று கேட்டார்கள். தலைமை வகித்த சுலோசனாபாய் டோங்கரேயின் பெயரும் இருக்கிறது. ஆனால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்தவள், அன்றைய கூலியை எப்படி ஈடுகட்டினாள் என்பதற்குத் தீர்மான ஏட்டில் இடம் கிடையாது.

மகாடு 1927ஐயே எடுத்துக்கொள்வோம். டிசம்பரில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்ட அந்த மாநாட்டில் அண்ணல் பெண்களைப் பார்த்துத் தனியே பேசினார். தீண்டப்படாதவள் என்று காட்டும் உடையையும் கனத்த உலோக நகைகளையும் விடச் சொன்னார். முழங்காலுக்கு ஏற்றிக் கட்டியிருந்த சேலையைப் பெண்கள் கணுக்கால்வரை இறக்கிக் கட்டிக்கொண்டார்கள். எரிப்புக்குத் தீர்மானமும் அறிக்கையும் உண்டு. அந்தச் சேலையோடு ஊருக்குத் திரும்பி நடந்தபோது எப்படி இருந்தது என்பதை, கட்டியவர்கள் வாயால்தான் கேட்கவேண்டும்.