டாஷ்போர்டுல ஒரு ஓட்டை: 180க்கு 50

ஆபீஸ்ல ஆணி அதிகம். போன சனிக்கிழமை அதிசயமா ஒரு லீவு கிடைச்சுது. அதையும் அப்பாவோட ஆல்டோவுக்குத் தாரை வார்த்தாச்சு.

வண்டி 2004 மாடல். ரெண்டு தடவை ஆர்.சி. புதுப்பிச்சு, அம்பத்தூர் ஓ.டி.க்கும் ஆவடிக்கும் நடுவுல இன்னும் சளைக்காம ஓடிக்கிட்டிருக்கு. அதுல இருந்த கேசட் டெக் மட்டும் மண்டையைப் போட்டுடுச்சு. முதல்ல டேப்பை மென்னுச்சு, அப்புறம் முழுங்குச்சு, கடைசியில துப்பவே மாட்டேன்னு அடம் பிடிச்சுது. உள்ளே சிக்கினது அப்பா கல்யாணத்துக்கு முன்னாடி பதிவு பண்ணி வாங்கின 90 நிமிஷ கேசட். ரெக்கார்டிங் சென்டர்ல போய் பேப்பர்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து, ரெண்டு நாள் கழிச்சுப் போய் வாங்கணுமாம். எந்தப் பாட்டு ஏ சைடு, எது பி சைடுன்னு அப்பாவுக்கு இன்னும் மனப்பாடம். "விடுடா, ஏதாவது மலிவா ஒண்ணு போட்டுக் குடு"ன்னு சொல்லிட்டார். முகத்தைப் பார்த்தா அப்படி விட்ட மாதிரி தெரியல.

சி.டி.எச். ரோட்டுல ஒரு கடையில 1,800 ரூபாய்க்கு ப்ளூடூத், யூஎஸ்பி, எஃப்எம் எல்லாம் இருக்கற செட். பிராண்ட் பேர் நீங்களும் நானும் கேள்விப்பட்டதில்ல. பழசை உருவிட்டுப் புதுசைச் சொருகினா 'டக்'னு கச்சிதமா உட்கார்ந்துச்சு. இருபது வருஷத்துக்கு முந்தின ஜப்பான் டிசைன் வண்டி, நேத்து சந்தைக்கு வந்த பேர் தெரியாத செட். ரெண்டு பேரும் பேசி வெச்ச மாதிரி ஒரே அளவு. எப்படி? அங்க ஆரம்பிச்ச நோண்டல் தான் இது.

1930 ஜூன்ல அமெரிக்காவுல பால் கால்வின் தன்னோட கார்ல ஒரு ரேடியோவை மாட்டிக்கிட்டு அட்லாண்டிக் சிட்டியில நடந்த ரேடியோ தயாரிப்பாளர்கள் மாநாட்டுக்குப் போனார். ஸ்டால் போட காசில்ல. வெளியே வண்டியை நிறுத்தி சத்தமா பாட விட்டார். வியாபாரம் ஆச்சு. அந்த செட்டுக்கு அவர் வெச்ச பேர் மோட்டோரோலா, பின்னால கம்பெனிக்கே அதுதான் பேராச்சு. விலை 110 டாலருக்கு மேல. அப்போ ஃபோர்டு மாடல் ஏ டீலக்ஸ் கூப் வண்டியே 540 டாலர்! 1932ல ஜெர்மனியில ப்ளாபங்க்ட் ஒண்ணு கொண்டு வந்துச்சு, 465 மார்க். பெட்டி 15 கிலோ கனம். டாஷ்போர்டுல வைக்க இடமில்லாம எங்கேயோ ஒரு மூலையில வெச்சிட்டு, திருகற குமிழை மட்டும் ஸ்டீயரிங் கிட்ட கொண்டு வந்தாங்க.

ஏன் அவ்ளோ பெருசு? வால்வு வேலை செய்ய நூறு வோல்ட்டுக்கு மேல வேணும், பேட்டரி கொடுக்கறது 6 வோல்ட். வைப்ரேட்டர்னு ஒரு சாமான் அந்த டிசி கரண்ட்டை வெட்டி வெட்டி டிரான்ஸ்ஃபார்மருக்கு அனுப்பும். அது சதா ரீங்காரம் போடும். 1955ல ஃபில்கோவும் கிரைஸ்லரும் முழுக்க டிரான்சிஸ்டர்ல ஆன கார் ரேடியோவைக் கொண்டு வந்ததும் தான் பெட்டி மெலிய ஆரம்பிச்சுது.

மெலிஞ்சாலும் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அளவு. ரெண்டு பக்கமும் குமிழ், நடுவுல மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டிருக்கற டயல். குமிழுக்கு நடுவுல இருக்கற தூரம் வண்டிக்கு வண்டி மாறும். வேற செட் போடணும்னா டாஷ்போர்டை அரத்தால ராவணும், இல்லேன்னா கிளாம்ப் போட்டுக் கீழே தொங்க விடணும். நம்ம ஊர்ல அம்பாசடர், ஃபியட்ல இந்தத் தொங்கல் செட்டுகளைப் பார்த்ததா பெரியவங்க சொல்லுவாங்க. இது பத்தாதுன்னு ரேடியோ வெச்சிருக்கவே தபால் ஆபீஸ்ல லைசென்ஸ் கட்டணும். 1980களின் நடுவுல தான் அந்தத் தொல்லை ஒழிஞ்சுது.

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டினது ஜெர்மன் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு. அதோட சுருக்கப் பேர் தான் டின். நம்ம கடைக்காரங்க 'சிங்கிள் டின், டபுள் டின்'னு சொல்றாங்களே, அது தகர டின் இல்லீங்கோ, அந்த அமைப்போட பேர்! (காலேஜ் முடிக்கற வரைக்கும் நானும் தகரம்னு தான் நினைச்சிருந்தேன்.) முகப்பு 180 மில்லிமீட்டர் அகலம், 50 உயரம்னு வரையறுத்தாங்க. 1984ல அது ஐஎஸ்ஓ 7736ன்னு சர்வதேசத் தரமாச்சு. முதல் மாருதி 800 சாவி கைமாறினது 1983 டிசம்பர் 14ல. நம்ம ஊர்ல நடுத்தரக் குடும்பம் கார் வாங்க ஆரம்பிக்கறதும் இந்த ஓட்டை உலகப் பொதுவாகறதும் கிட்டத்தட்ட ஒரே நேரம்.

விளைவு? கார் கம்பெனி தர்றதைத் தான் கேக்கணும்கிற கட்டாயம் போச்சு. பர்மா பஜார்ல சிங்கப்பூர் சரக்கு, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல புதுசு, புதுப்பேட்டையில பழசு, எது வாங்கினாலும் உட்காரும். திருடனுக்கும் அதே சௌகரியம் தான், எந்த வண்டியில உருவினாலும் எந்த வண்டியிலயும் போடலாமே! அதனால தான் 1990கள்ல முகப்பை மட்டும் கழட்டி சட்டைப் பையில போட்டுக்கற செட்டுகள் பரவிச்சு.

சரி, மலிவா வாங்கறவங்களுக்கு ஒரு கணக்கு. பெட்டி மேல '50 வாட்ஸ் இண்டு 4'ன்னு போட்டிருக்கும். பாடி லூகாஸ் டிவிஎஸ்ல ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர்னு செஞ்சுக்கிட்டிருக்காங்களே, அந்த ஆல்டர்னேட்டர் கொடுக்கறது சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். 14.4ஐ வர்க்கப்படுத்தி 4ஆல வகுத்தா 52 வாட், அதுவும் சத்தம் முழுக்க உடைஞ்சு கரகரன்னு வரும்போது. சுத்தமா கேக்கணும்னா அதுல பாதி 26, இழப்பு போக 20 சொச்சம். பின்னாடி இருக்கற ஃப்யூஸ் 10 ஆம்பியர். 144 வாட்டுக்கு மேல உள்ளேயே போகாது, 200 எங்கேருந்து வெளிய வரும்? செட்டுக்குள்ளேயே இருக்கற ஆம்ப்ளிஃபையர் வரைக்கும் 1,800 ரூபாய்க்கும் பத்தாயிரத்துக்கும் இந்த உச்சவரம்பு ஒண்ணு தான். விலை வித்தியாசம் டியூனர்லயும் ப்ளூடூத்லயும் தெரியும். இந்த செட்ல மீடியம் வேவ் கிடையாது, எஃப்எம் மட்டும். இந்தியாவுலயே எஃப்எம் ஒலிபரப்பு முதல்ல 1977ல மெட்ராஸ்ல தான் ஆரம்பிச்சுதுன்னு சொல்லி அப்பாவைச் சமாதானப்படுத்தினேன்.

மாட்டினவர் அவசரத்துல கப்ளரை வெட்டிட்டு, வயரை முறுக்கி டேப் சுத்திட்டார். வீட்டுக்கு வந்து சாவியை எடுத்தா செட்டுக்கு எல்லாம் மறந்து போச்சு, ஸ்டேஷன், கடிகாரம் உள்பட. மஞ்சள் வயர் பேட்டரியோட நேரடி லைன், ஞாபகத்துக்கு. சிவப்பு சாவி போட்டா மட்டும் வரணும். மனுஷன் ரெண்டையும் சேர்த்து சாவி லைன்ல முடிஞ்சிருக்கார். ஞாயித்துக்கிழமை நானே பிரிச்சு மாத்தினேன். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. உலகம் பூரா பெரும்பாலும் இதே நிறம்ங்கறதால மேனுவலே தேவைப்படல.

இனிமே இப்படி உட்கார்ந்து பிரிக்க முடியுமான்னு தெரியல. ஜப்பான்காரங்க உயரத்தை 100 ஆக்கி டபுள் டின் கொண்டு வந்த வரைக்கும் ஓட்டை பொதுவாத்தான் இருந்துச்சு. இப்போ வர்ற நிறைய வண்டிகள்ல ஓட்டையே இல்ல. ஏசி, ரிவர்ஸ் கேமரா, வண்டியோட செட்டிங்ஸ் எல்லாம் ஒரே ஸ்கிரீன். அது போச்சுன்னா கம்பெனி சொல்ற விலை தான். இதுல நான் யாரைத் திட்டறது? அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு ஏழாவது மாடியில உட்கார்ந்து அந்த மாதிரி ஸ்கிரீனுக்குத் தான் டெஸ்ட் கேஸ் எழுதறேன். 'அங்கீகரிக்கப்படாத பாகம் மாட்டினால் இயங்கக்கூடாது'ன்னு ஒரு கேஸ். போன மாசம் அது பாஸ் ஆனதுக்கு டீம்ல கேக் வெட்டினோம்.

பழைய டெக்கைக் குப்பையில போட மனசு வரல. மேல் மூடியைக் கழட்டி கேசட்டை விடுவிச்சேன், பென்சில் விட்டு சுத்தினேன். உள்ளே ரப்பர் பெல்ட் இளகிப் போயிருந்துச்சு. ரிச்சி ஸ்ட்ரீட்ல முப்பது ரூபாய்க்கு ஒரு பெல்ட். 12 வோல்ட் அடாப்டர்ல மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கி, கறுப்பை மைனஸ்ல கொடுத்து, வெள்ளை ஜோடியில பழைய ஸ்பீக்கர் ஒண்ணை மாட்டி ஹால் டேபிள் மேல வெச்சேன்.

பாடிச்சு. மென்ன இடத்துல ரெண்டு பாட்டு மட்டும் இழுத்து இழுத்து வருது. அப்பா பேப்பரைக் கீழே வெச்சிட்டு, "இது முடிஞ்சதும் பி சைடு திருப்பிப் போடுடா"ன்னார்.