மத்திமம் தேடிய இரு குழல்கள்

கொழும்பு மாநகரின் வடபாலுள்ள கொட்டாஞ்சேனையில் வாழ்பவர்க்கு ஊதுகருவிகளின் ஓசை புதியதன்று. சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் கருங்கல்லாற் புதுப்பித்த பொன்னம்பலவாணேசர் ஆலயத்திலே பூசைக் காலத்தில் நாகசுரம் ஒலிக்கும். அவ்வாலயத்துக்கு அணித்தாயுள்ள புனித லூசியாள் பேராலயத்தின் திருநாளிலும், யூன் 13ஆம் நாள் கொண்டாடப்படும் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருநாளிலும் பித்தளை வாத்தியக் குழுவினரின் எக்காளம் முழங்கும். ட்ரம்பெட் என்று நாம் வழங்கும் அந்த மேனாட்டு எக்காளமும் நம் நாகசுரமும் ஒரே தெருவில் வசிக்கும் இரு அயலவர் போல இந்நகரிலே வாழ்ந்து வருகின்றன.

இவ்விரண்டும் பிறப்பாலும் உறுப்பாலும் வேறானவை. ஒன்று பித்தளையாலானது, மற்றொன்று மரத்தாலானது. ஒன்றிற் கலைஞனின் உதடுகளே அதிர்ந்து ஒலியை எழுப்பும். மற்றொன்றிற் சீவாளி அதிரும். எனினும், இரண்டின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு ஓர் உண்மை தோன்றும். இரண்டும் நெடுங்காலம் கட்டுண்டு கிடந்தன. இரண்டையும் கட்டவிழ்த்தவர்கள் கலைஞரும் தச்சருமாவர். அதனினும் வியப்பு, இரண்டிற்கும் இடர் விளைத்த சுரங்களுள் மத்திமமும் ஒன்றாயிருந்தமையாகும்.

முதலில் எக்காளத்தை எடுத்துக்கொள்வோம். பழைய எக்காளம் துளையில்லாத ஒரு நீண்ட குழாய். அதனை ஊதுபவன் உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் சில சுரங்களை எழுப்பலாம். ஆனால் அவை அவன் விரும்பிய சுரங்கள் அல்ல. குழாயின் நீளம் அவனுக்கு அளந்து கொடுத்த சுரங்கள். தாழ்ந்த நிலையில் சட்சமம், அதன் மேற் பஞ்சமம், அதற்கும் மேல் மேற்சட்சமம், பின்னர் காந்தாரம், மறுபடியும் பஞ்சமம் என்று படிகள் அகன்று அகன்று நிற்கும். மிக உயர்ந்த நிலைக்கு ஏறிய பின்னரே சுரங்கள் அடுத்தடுத்து வரும். அங்கேயும் ஒரு கோணல் உண்டு. இயற்கைவரிசையிலே பதினோராவதாக வரும் ஒலி சுத்த மத்திமமும் அன்று, பிரதி மத்திமமும் அன்று. இரண்டிற்கும் நடுவே நிற்கும். ஊதுபவன் உதட்டால் அதனை வளைத்தே செவிக்கு இனியதாக்க வேண்டியிருந்தது. போர்க்களத்திற் படையை அழைக்கவும் அரசவையில் வருகையை அறிவிக்கவும் இவ்வளவு போதும். ஒரு பாடலை முழுதும் பாட இது போதாது.

இக்குறையைத் தீர்க்க ஐரோப்பியர் பல வழிகளை நாடினர். குழாயோடு வளைவுத் துண்டுகளைச் சேர்த்து நீளத்தை மாற்றினர். அதனாற் சுருதி மாறியதேயன்றி இடைவெளி நிரம்பவில்லை. வியன்னா நகரத்து எக்காளக் கலைஞர் ஆன்டன் வைடிங்கர் குழாயிலே துளைகளிட்டு அவற்றை மூடித் திறக்கும் சாவிகளை அமைத்தார். அவருக்காகவே இசை மேதை ஹைடன் 1796ஆம் ஆண்டிலே ஓர் எக்காள இசைக்கோவையை இயற்றினார். 1800ஆம் ஆண்டிலே அது வியன்னாவில் அரங்கேறியது. தாழ்ந்த நிலையிலும் எக்காளம் படிப்படியாக நடக்கக் கேட்டவர்கள் அன்று வியந்திருப்பர். எனினும் துளையிட்ட இடத்திற் பித்தளையின் முழக்கம் மங்கியது. சுரம் கிடைத்தது, நாதம் குன்றியது.

விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. யேர்மானியரான ஸ்டோல்செல், புளூமெல் என்னும் இருவர் 1818ஆம் ஆண்டிலே அடைப்புக் கருவிக்கு உரிமம் பெற்றனர். 1839ஆம் ஆண்டிலே பாரிசு நகரத்துப் பெரினே அதனைத் திருத்தி, இன்று நாம் காணும் உந்துதண்டு அமைப்பை உருவாக்கினார். இதன் தத்துவம் எளியது. விரலால் ஒரு தண்டை அழுத்தினாற் காற்று ஒரு சிறு குழாயையும் சுற்றிக்கொண்டு செல்லும், குழாயின் நீளம் கூடும், சுரம் இறங்கும். நடுத்தண்டு அரைச் சுரமும், முதற்றண்டு ஒரு சுரமும், மூன்றாந் தண்டு ஒன்றரைச் சுரமும் இறக்கும். மூன்றையும் பலவாறு கூட்டினால் இடைவெளி அனைத்தும் நிரம்பும்.

அப்பொழுதும் வேலை முற்றுப்பெறவில்லை. முதற்றண்டையும் மூன்றாந் தண்டையும் சேர்த்து அழுத்தினாற் சுரம் சற்றே ஏறி நிற்கும். அதனைச் சரிசெய்வதற்காக மூன்றாங் குழாய் நகரும்படி அமைக்கப்பட்டு, விரல் நுழைக்க ஒரு வளையமும் வைக்கப்பட்டது. தண்டின் அடியிலுள்ள கம்பளித் துண்டு தேய்ந்தால், தண்டின் துளையும் குழாயின் வாயும் நேர்படாமல் ஒரு மயிரிழை விலகும். அந்த மயிரிழையே காற்றைத் தடுத்து, ஒலியை அடைத்து, ஊதுபவனை இளைக்கச் செய்துவிடும். ஆதலின், வாத்தியக் குழுவிலே பழகிய முதியவர்கள் இளைஞன் ஒருவன் மூச்சுப் போதவில்லை என்று முறையிட்டால், அவன் நெஞ்சைக் குறைகூறுமுன் கருவியைக் கழற்றிப் பார்ப்பர்.

இனி நாகசுரத்துக்கு வருவோம். உலவு என்னும் மரக்குழல், அதன் அடியிற் பொருந்திய அணைசு, தலையிற் செருகிய கெண்டை, கெண்டையின்மீது அமரும் சீவாளி ஆகியன அதன் உறுப்புகள். உலவைப் பெரும்பாலும் ஆச்சா மரத்திற் கடைவர். பழைய வீடுகளின் தூண்களிலும் உத்தரங்களிலும் பல்லாண்டு காய்ந்து இறுகிய மரமே இதற்கு உகந்தது என்பது தச்சர் துணிபு. விரல் வைக்கும் துளைகள் ஏழு. அவற்றின் கீழே ஐந்து துளைகள் உண்டு. அவற்றை விரல் மூடுவதில்லை. வேண்டியபோது மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியைச் செம்மை செய்வர். சீவாளியை நனைத்து, இதழ்களைப் பதமாக விரித்தும் அமுக்கியும் வைத்துக்கொள்வர். சங்கிலியிற் கோத்த மாற்றுச் சீவாளிகள் குழலிலே தொங்குவதை நாம் கோவிலிற் கண்டிருக்கிறோம். அவை அழகுக்குத் தொங்குவன என்று எண்ணுபவர் உளர். காற்றின் ஈரத்துக்கும் கலைஞனின் உதட்டுக்கும் ஏற்றதைத் தேர்ந்து மாற்றுவதற்கே அவை தொங்குகின்றன.

பழங்காலத்தில் வழங்கிய நாகசுரம் திமிரி எனப்படும். அது நீளத்திற் குறுகியது. நான்கு கட்டைக்கும் மேற்பட்ட உயர்ந்த சுருதியுடையது. சுவாமி வீதி உலா வருகையில் நெடுந்தொலைவிலுள்ளாரையும் அழைக்க வேண்டியிருந்தமையின் அவ்வுயர்ந்த சுருதி அதற்கு ஏற்றதாயிற்று. திறந்த வெளியிலே கூட்டத்தின் ஆரவாரத்தையும் தவிலின் முழக்கத்தையும் ஊடுருவிச் செல்லும் ஆற்றல் அதற்கு இருந்தது.

ஆனால் திமிரியிலும் மத்திமம் இடர் விளைத்தது. துளைகளை முறையே திறந்து வருகையில் அங்கே இயல்பாய்க் கிடைப்பது பிரதி மத்திமம். சுத்த மத்திமம் வேண்டின், துளையை விரலாற் பாதி மூடி, மூச்சையும் உதட்டையும் அடக்கி அதனை வருவித்தல் வேண்டும். சங்கராபரணம், தோடி, கரகரப்பிரியை, அரிகாம்போதி முதலிய பெரும் இராகங்கள் எல்லாம் சுத்த மத்திமத்தை உடையன. அவற்றை மணிக்கணக்காக விரித்து வாசிக்கும் கலைஞன் ஒவ்வொரு முறையும் அச்சுரத்தண்டை வருகையிற் கருவியோடு போராடினான் என்று எண்ணிப் பாருங்கள். பழைய மேதைகள் அப்போரில் வென்றனர் என்பது அவர்தம் பெருமை. போர் இருந்தது என்பதும் உண்மை.

இந்நிலையைக் கண்டு மனம் அமையாதவர் திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளை. 1898ஆம் ஆண்டு பிறந்து 1956ஆம் ஆண்டு மறைந்த அப்பெருங்கலைஞர் முதலிற் பயின்றது வாய்ப்பாட்டாகும். இச்செய்தி கருதத்தக்கது. பாடகனின் குரலிலே சுரத்துக்குச் சுரம் சுவரில்லை. நினைத்தவிடத்தில் நின்று, நினைத்தவாறு வழுக்கிச் செல்லலாம். அந்த உரிமையை அறிந்த ஒருவர் குழலைக் கையில் எடுத்தபோது, குழலிலும் அவ்வுரிமையைத் தேடியது இயல்பே. அன்றியும், ஆண்மகன் குரலுக்கு இசைந்த தாழ்ந்த சுருதியில் நாகசுரம் ஒலித்தல் வேண்டும் என்றும் அவர் விரும்பினார்.

அவ்விருப்பத்தை மரத்திற் கடைந்து தந்தவர் தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. குழலை நீட்டினாற் சுருதி இறங்கும் என்பது எவர்க்கும் தெரிந்ததே. ஆனால் நீட்டுதல் மட்டும் போதாது. குழல் நீண்டால் துளைகள் அகலும். துளைகள் அகன்றால் விரல்கள் எட்டா. எட்டும்படி நெருக்கி வைத்தாற் சுரம் தவறும். உட்டுளை மேலிருந்து கீழாக எவ்வளவு விரிதல் வேண்டும், ஒவ்வொரு துளையும் எவ்வளவு பெரிதாதல் வேண்டும், கெண்டையும் சீவாளியும் அதற்கு எவ்வாறு இசைதல் வேண்டும் என்பன எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பன. ஒன்றைத் தொட்டால் மற்றவை குலையும். கடைசற்பட்டறையிலே தச்சரின் கையும், ஊதிப் பார்க்கும் கலைஞரின் செவியும் ஒத்து உழைத்தாலன்றி இது கைகூடாது. அவ்வுழைப்பின் பயனாக, சுத்த மத்திமம் செம்மையாக ஒலிக்கும் நீண்ட குழல் நிலைபெற்றது. இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியில் ஒலிக்கும் அதனைப் பாரி நாகசுரம் என்பர்.

இராசரத்தினம் பிள்ளையின் தோடி இன்றும் இசைத்தட்டுகளிற் கேட்கக் கிடைக்கிறது. அதனைக் கேட்பவர், அங்கே குழல் தடுக்கிற இடம் ஒன்றும் இல்லாமையை உணர்வர். நாகசுரக் கலைஞன் வீதியில் நடந்தும் நின்றும் வாசிப்பவன் என்றிருந்த நிலையை மாற்றி, மற்றைய வித்துவான்களைப் போல மேடையில் அமர்ந்து வாசிக்கும் மதிப்பை நாடியவரும் அவரே. நீண்ட குழல் இல்லையேல் அம்மதிப்பு நிலைத்திருக்குமா என்பது ஐயமே. சபையில் அமர்ந்து கேட்பவர்க்குத் திமிரியின் கூர்மை செவியை உறுத்தும். பாரியின் கனிவு பொருந்தும்.

காலமும் இதற்குத் துணைசெய்தது. 1925ஆம் ஆண்டிலே கொழும்பில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது. ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் பரவிய பின்னர், தொலைவை எட்டுவது கருவியின் கடமையாக இல்லாமற் போயிற்று. மெல்ல ஒலிப்பதும் எங்கும் கேட்கலாயிற்று. இராசரத்தினம் பிள்ளையின் மாணாக்கர் காருகுறிச்சி அருணாசலம் 1962ஆம் ஆண்டு வெளிவந்த கொஞ்சும் சலங்கைத் திரைப்படத்திலே வாசித்தபோது, எஸ். ஜானகியின் குரலும் நாகசுரமும் ஒன்றையொன்று தொடர்ந்து செல்வதைத் தமிழுலகு கேட்டது. குரலோடு குழல் இணையும் காலம் வந்துவிட்டது. ஈழத்திலே அளவெட்டியும் இணுவிலும் வளர்த்த மரபும் இம்மாற்றத்தை ஏற்றது. அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாகசுரமும் தட்சிணாமூர்த்தியின் தவிலும் கடல் கடந்தும் புகழ்பெற்றன.

ஆயினும் பேறு ஒன்று வரும்போது இழப்பு ஒன்றும் உடன் வருதல் உலகியல்பு. வைடிங்கரின் எக்காளம் சுரத்தைப் பெற்று முழக்கத்தை இழந்தது போல, நாகசுரமும் கனிவைப் பெற்றுத் திமிரியின் வீச்சை இழந்தது. திமிரியை வாசிப்போர் அருகினர். ஒலிபெருக்கி இல்லாத வீதியிலே ஒரு சிறு குழல் ஊர் முழுவதையும் எழுப்பிய அனுபவம் இன்றைய செவிகளுக்கு எட்டாததாயிற்று. திருத்தம் என்பதும் ஒரு தேர்வே. ஒன்றைக் கொண்டு ஒன்றை விடுவதே.

இன்று வெள்ளவத்தையிலே கல்யாண மண்டபத்துட் கெட்டிமேளம் கேட்கிறோம். செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு ஆடிவேல் எழுந்தருளும் போது காலி வீதியிலும் நாகசுரம் கேட்கிறோம். அங்கே ஒலிப்பது நரசிங்கம்பேட்டையிற் பிறந்த நீண்ட குழலின் வழிவந்தது. இசைத்த கலைஞனின் பெயரை நாம் கேட்டறிகிறோம். குழலைக் கடைந்தவனின் பெயரை எவரும் கேட்பதில்லை. 2022ஆம் ஆண்டிலே நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அது தகும். ஆனால் தச்சர் குடும்பங்கள் சிலவே அத்தொழிலில் நிலைத்துள்ளன. காய்ந்து இறுகிய பழைய ஆச்சா மரமும் எளிதிற் கிடைப்பதில்லை. கேட்கும் நாம் அவர்களை மறந்தால், அடுத்த இராசரத்தினம் தம் குறையைச் சொல்ல ஒரு பட்டறை இராது.

கருவி சரியில்லை என்று கலைஞன் சொல்லும்போது, பயிற்சி போதாது என்று அவனை அடக்குவது எளிது. வியன்னாவிலும் திருவாவடுதுறையிலும் அவ்வாறு அடங்கியிருந்தால், எக்காளம் பாசறையிலும் நாகசுரம் வீதியிலும் நின்றிருக்கும். குறையைச் சொல்லத் துணிந்தவன் ஒருவன், அதனைப் பொறுமையோடு கேட்டு உளியை எடுத்தவன் ஒருவன். கொட்டாஞ்சேனைத் தெருவிலே இரு குழல்களும் இன்று தடையின்றிப் பாடுவது அவ்விருவரின் கூட்டாலேயாம்.