போஞ்சியை ஏன் கொதிநீரில் போட்டு எடுக்கிறோம்?

போஞ்சி என்ற சொல் எங்களுடையதல்ல. 1658 முதல் 1796 வரை எங்கள் கரையோரங்களை ஆண்ட ஒல்லாந்தர் விட்டுப்போனது. அவர்களுடைய 'போன்ட்யே' சிங்களத்திலும் எங்கள் தமிழிலும் போஞ்சியாகிவிட்டது. காயின் பிறப்பிடம் அதைவிடத் தூரம், அமெரிக்கக் கண்டம்.

நோன்புக்கு முன் போஞ்சி மலிந்தால் இரண்டு மூன்று கிலோ வாங்கி, வெட்டி, அப்படியே பையில் போட்டு டீப் ஃப்ரீசரில் அடுக்கும் வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. மாதக்கணக்கில் வைத்து எடுத்தால் நிறம் மங்கி, வைக்கோல் மணம் வரும். பழி ஃப்ரீசருக்குப் போகும். காரணம் வேறு.

பழைய ஒல்லாந்து வீடுகளில் குளிர்காலத்துக்குப் போஞ்சியைச் சீவி, உப்புப் போட்டு, சாடியில் அமுக்கி வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் கண்ணாடிப் போத்தல் வந்தது. ஆபத்தும் கூடவே வந்தது. போஞ்சியில் புளிப்புக் குறைவு. 100 பாகையில் எவ்வளவு கொதித்தாலும் பொட்டுலிசம் நோயைத் தரும் பற்றீரியாவின் வித்திகள் சாவதில்லை. காற்றுப் புகாத போத்தலுக்குள் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். மணத்தில் தெரியாது, பார்வையில் தெரியாது. வீட்டில் அடைத்த போஞ்சியைச் சாப்பிட்டு அமெரிக்காவில் குடும்பத்தோடு இறந்தவர்கள் உண்டு. புளிப்பில்லாத மரக்கறியை உயர் அமுக்கத்தில் வேகவைத்தே அடைக்க வேண்டும் என்று 1917இல் அந்த நாட்டு விவசாயத் திணைக்களம் சொல்ல நேர்ந்தது.

குளிரின் வழி லாப்ரடோரில் திறந்தது. 1912இல் அங்கே போன அமெரிக்கர் கிளாரன்ஸ் பேர்ட்சை, பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரில் இனுவிட் மக்கள் பிடித்த மீன் வெளியே எடுத்தவுடன் கல்லாக உறைவதைக் கண்டார். மாதங்கள் கழித்துச் சமைத்தாலும் புது மீன் ருசி. மெதுவாக உறைந்தால் பெரிய பனிப்பளிங்குகள் உண்டாகிக் கலங்களைக் கிழிக்கும். வேகமாக உறைந்தால் பளிங்கு சிறியது, கலம் தப்பும். அவர் இயந்திரம் செய்தார், கம்பனி தொடங்கினார், 1929இல் விற்றும் விட்டார். 1930 மார்ச் 6ஆம் திகதி மசசூசெட்சு மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் 18 கடைகளில் உறைந்த உணவு விற்பனைக்கு வந்தது.

மீனுக்குச் சரிவந்த வித்தை மரக்கறிக்கு முழுதாகச் சரிவரவில்லை. அப்படியே உறையவைத்த மரக்கறியில் அதே வைக்கோல் மணம். பறித்த பிறகும் காய்க்குள் நொதியங்கள் வேலை செய்துகொண்டிருக்கும். வகுப்பில் உமிழ்நீரையும் மாப்பொருளையும் வைத்துப் படிப்பிக்கும் அதே நொதியம்தான். குளிர் அதைத் தூங்க வைக்கும், கொல்லாது. -18 பாகையிலும் மெல்ல மெல்ல நிறத்தையும் மணத்தையும் தின்னும். கொல்வது சூடு. உறையவைக்கும் முன் சற்று நேரம் கொதிநீரில் போடுவது என்ற முடிவுக்கு அந்தக் காலத்து ஆய்வாளர்கள் அப்படித்தான் வந்தார்கள். எங்கள் அபிப்பிராயத்தில் வீட்டுச் சமையலறைக்கு அந்த இயந்திரத்தைவிட இந்தச் சின்ன அறிவுதான் பெரிது.

இரண்டாம் உலகப் போரில் தகரம் தட்டுப்பட்டபோது அமெரிக்காவில் உறைந்த உணவு பரவியது. போருக்குப் பின் ஃப்ரீசர் வீடுகளுக்கும் வந்தது.

செய்முறை இவ்வளவுதான்: பிஞ்சான போஞ்சியைக் கழுவி, நுனி கிள்ளி, வெட்டி, நன்றாகக் கொதிக்கும் தண்ணீரில் 3 நிமிடம். உடனே ஐஸ் தண்ணீரில் இன்னும் 3 நிமிடம், இல்லாவிட்டால் உள்ளுக்குள் வெந்துகொண்டே போகும். ஈரம் துடைத்து, தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி உறையவிட்டுப் பிறகு பையில் போடுங்கள். குவித்துப் போட்டால் மெதுவாக உறையும். பேர்ட்சை தவிர்த்த பெரிய பளிங்கு திரும்ப வந்துவிடும். காற்றை வெளியேற்றிக் கட்டினால் 8 மாதம் நல்ல ருசியோடு இருக்கும்.

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனதே, அப்போது ஃப்ரீசரில் இருந்ததையெல்லாம் அவசரமாகச் சமைத்துப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தவர்கள் பலர். நிறைந்த டீப் ஃப்ரீசரைத் திறக்காமல் விட்டால் சுமார் 48 மணித்தியாலம் குளிர் தாங்கும், பாதி நிறைந்தது 24. கரண்ட் வந்த பிறகு பையில் இன்னும் பனிப்பளிங்கு இருந்தால் போஞ்சியைத் திரும்ப உறையவிடலாம். கொஞ்சம் துவளும், கறிக்குப் போதும்.