ரோடு எங்கே தாமதமாகிறது? இரண்டு மேம்பாலங்களின் கதை

சாமளாபுரத்தில் எங்கள் தெருவுக்குத் தார் போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை, குழாய் பதிக்கணும்னு தோண்டிட்டாங்க. டீக்கடையில் ஒரு பெரியவர், "ரோடு போடறவனுக்கும் குழி தோண்டறவனுக்கும் பேச்சுவார்த்தையே இல்லீங்களாட்ட இருக்குது" என்றார். சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் நகரத்துச் சாலைகள் ஏன் இழுத்துக்கொண்டே போகின்றன என்று தேடிப் படித்தபோது, பெரிய பெரிய திட்டங்களின் வரலாறும் அதையேதான் சொன்னது.

முதல் கதை சென்னை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நகரத்து நெரிசலில் மாட்டாமல் இருக்க, துறைமுகம் முதல் மதுரவாயல் வரை 19 கிலோமீட்டர் பறக்கும் சாலை. 2009 ஜனவரியில் அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். மதிப்பு சுமார் 1,815 கோடி ரூபாய். 2010-ல் வேலை தொடங்கியது. பாதையின் பெரும்பகுதி கூவம் ஆற்றை ஒட்டியும் ஆற்றுக்குள்ளும் போனது.

2011-ல் ஆட்சி மாறியது. 2012 மார்ச்சில், தூண்கள் ஒப்புக்கொண்ட இடத்திலிருந்து விலகி ஆற்றுக்குள் நிற்கின்றன, நீரோட்டம் தடைபடும் என்று சொல்லி மாநில அரசு வேலையை நிறுத்தியது. வழக்கு நடந்தது. 2014 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தூண்கள் மட்டும் கம்பி நீட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் நின்றன.

2022 மே மாதம் நெடுஞ்சாலை ஆணையம், மாநில அரசு, துறைமுகம், கடற்படை ஆகிய நான்கு தரப்பும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதே மாதம் பிரதமர் மோடி மறுபடி அடிக்கல் நாட்டினார். இந்த முறை இரண்டு அடுக்குச் சாலை, மதிப்பு 5,850 கோடிக்கும் மேல். வடிவமைப்பே மாறிவிட்டதால் கூடுதல் செலவு முழுவதையும் தாமதத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனால் பழைய தூண்கள் பலவற்றை இடிக்க வேண்டி வந்ததே, அது சுத்தமாகத் தாமதத்தின் கணக்குதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. இந்தச் சாலைக்காகக் கூவம் கரையில் இருந்த குடும்பங்களை நகரத்தின் தென்கோடியில் ஒக்கியம் துரைப்பாக்கம் பக்கம் குடியமர்த்தினார்கள். வேலை, பள்ளிக்கூடம் எல்லாம் பழைய இடத்தில், வீடு மட்டும் அங்கே. அவர்கள் போய்விட்டார்கள்; யாருக்காக இடம் கொடுத்தார்களோ அந்தச் சாலை வரவில்லை. திட்டச் செலவு அட்டவணையில் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது.

இரண்டாவது கதை நமக்குப் பக்கத்திலேயே. கோவை அவினாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம். 2020 டிசம்பரில் தொடங்கி 2025 அக்டோபர் 9-ல் திறந்தார்கள், ஜி.டி. நாயுடு பெயர் வைத்திருக்கிறார்கள். இதுவும் தாமதம்தான். ஏறுதளம், இறங்குதளங்களுக்கு நிலம் எடுக்க நாளானது. ஹோப் காலேஜ் அருகே ரயில் பாதையைக் கடக்க ரயில்வேயின் அனுமதி தேவைப்பட்டது. ஆனாலும் வேலை ஒரேயடியாக நிற்கவில்லை.

சென்னைக் கதையை "எல்லாம் அரசியல்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் 2021-ல் இங்கேயும்தானே ஆட்சி மாறியது? வித்தியாசம் தூண் நின்ற இடத்தில் இருக்கிறது. அவினாசி சாலையில் தூண்கள் பெரும்பாலும் சாலையின் நடுவிலேயே எழுந்தன. நிலம் ஏற்கெனவே நெடுஞ்சாலைத் துறை கையில். கூவத்தில் ஆறு ஒரு துறைக்கு, சாலை இன்னொரு துறைக்கு. 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் நீரோட்டம் பற்றிய கவலையை வெறும் சாக்கு என்று தள்ள மாட்டார்கள். கவலை நியாயமாகவே இருக்கட்டும். அதைப் பேசித் தீர்க்க வேண்டியது தூண் எழுந்த பிறகா, முன்பா?

நிலம் எடுக்கும் சட்டமும் இடையில் ஆட்டம் கண்டது. 1894-ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2014 ஜனவரி முதல் புதிய மத்தியச் சட்டம் வந்தது. தமிழ்நாடு தன் நெடுஞ்சாலைச் சட்டத்துக்கு அதிலிருந்து விலக்கு வாங்கியது. 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. மாநிலம் வேறொரு சட்டம் போட, 2021 ஜூனில்தான் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது.

மென்பொருள் வேலையில் எங்களுக்கு இது பழகின விஷயம். 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் டுபாண்ட், ரெமிங்டன் ராண்ட் நிறுவனங்களில் உருவான 'கிரிட்டிக்கல் பாத்' முறை சொல்வது இதுதான்: ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும் வேலைகளில் மிக நீளமான சங்கிலி எதுவோ, அதுதான் முடிவு தேதியைத் தீர்மானிக்கிறது. நகரச் சாலைகளில் அந்தச் சங்கிலி பெரும்பாலும் காங்கிரீட்டில் இல்லை. நிலத்திலும் அனுமதியிலும் அடியில் கிடக்கும் குழாயிலும் இருக்கிறது. அதனால் ஆளைக் கூட்டினாலும் இயந்திரத்தைக் கூட்டினாலும் தேதி நகராது.

அடுத்த முறை உங்க ஊரில் 'பணி முடிவடையும் நாள்' என்று போர்டு வைத்தால், மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். நிலம் முழுசா கைக்கு வந்துடுச்சா? அனுமதி எல்லாம் வந்தாச்சா? அடியில் என்னென்ன குழாய் போகுதுன்னு யாராவது வரைஞ்சு வெச்சிருக்காங்களா? மூன்றுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால் போர்டில் இருக்கும் தேதியை நம்பலாம்.

எங்கள் தெருவில் மூன்றாவது கேள்வியை யாரும் கேட்கவில்லை. குழியை மண் போட்டு மூடியிருக்கிறார்கள். தார் எப்போது என்று தெரியவில்லை.