விமானத்தின் விலையும் வாக்காளரின் உரிமையும்

போர்விமானம் வாங்கும் அரசுகள் தம் மக்களுக்குக் கூறும் விலை ஒன்று. மக்கள் ஈற்றில் செலுத்தும் விலை வேறொன்று. இது ஊழல் மலிந்த வறிய நாடுகளுக்கே உரிய குறை என்று எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் எத்துணை தவறானது என்பதைச் சுவிற்சர்லாந்தின் அண்மைக்கால வரலாறு காட்டுகின்றது. 1815 இற்குப் பின் எந்த அந்நிய நாட்டோடும் போர் புரியாத நாடு அது. எம்மவருட் பலருக்கு, 1983 இற்குப் பின் உறவினர் சென்று தஞ்சம் புகுந்த நாடாகவே அது அறிமுகமானது. அத்தகைய நாட்டின் அரசியலைத் திரும்பத் திரும்ப உலுக்கி வந்திருப்பது போர்விமானக் கொள்வனவே என்பது விந்தையாகத் தோன்றலாம்.

1961 ஆம் ஆண்டில் சுவிஸ் பாராளுமன்றம், பிரான்சிய மிறாஜ் விமானங்கள் 100 வாங்குவதற்கு 87.1 கோடி பிராங்க் ஒதுக்கியது. மூன்றாண்டுகள் கழிந்தன. 1964 இல் அரசு மீண்டும் பாராளுமன்றத்தின் முன் வந்து, மேலும் 57.6 கோடி வேண்டும் என்றது. முதலிற் கேட்ட தொகையின் மூன்றில் இரண்டு பங்கு! இவ்வளவு பெரிய தொகை எங்கிருந்து முளைத்தது? பிரான்சில் ஆயத்தமாக இருந்த விமானத்தை இராணுவ அதிகாரிகள் அப்படியே ஏற்க மனங்கொள்ளவில்லை. அதன் மின்னணுக் கருவிகளை நீக்கி, அமெரிக்காவின் ஹியூஸ் நிறுவனத்தார் ஆக்கிய றேடார் தொகுதியையும் பால்கன் ஏவுகணைகளையும் பொருத்த விரும்பினர். மலைகளைக் குடைந்து அமைத்த குகைகளுள் பாரந்தூக்கிகளால் தூக்கி நகர்த்துவதற்கு ஏற்றவாறு விமானத்தின் உடலையும் வலுப்படுத்த வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, அவற்றை உரிமம் பெற்று உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்றும் முடிவாயிற்று. ஒவ்வொரு மாற்றமும் புதியதொரு செலவைப் பெற்றது. அச்செலவுகளோ பாராளுமன்றத்தின் செவிக்கு எட்டவில்லை.

இவ்வேட்கையின் பின்னணியில் அக்காலத்து அரசியலையும் நாம் நோக்குதல் வேண்டும். தன் படைக்கு அணுவாயுதம் வேண்டும் என்று 1958 இல் வெளிப்படையாக அறிவித்த அரசு அது. அணுவாயுதத்தைத் தடைசெய்யக் கோரிய மக்கள் முன்முயற்சி 1962 இல் வாக்கெடுப்பில் தோற்றது. மக்கள் என்று கூறினோம். உண்மையில் ஆண்கள் மட்டுமே! சமஷ்டி மட்டத்தில் சுவிஸ் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1971 இலேயே. உலகம் போற்றும் அந்த நேரடிச் சனநாயகம், நாட்டின் பாதிப்பேரைக் கேளாமலே அணுகுண்டைப் பற்றித் தீர்ப்பளித்தது. 1969 இல் அணுவாயுதப் பரவற் தடை ஒப்பந்தத்தில் ஒப்பமிட்ட பின்னரே அவ்வாசை மெல்லத் தணிந்தது.

ஆயினும் 1964 இல் பாராளுமன்றம் வாளாவிருக்கவில்லை. கூர்ட் பூர்க்லரின் தலைமையில் விசாரணைக்குழு ஒன்றை அமைத்தது. அந்நாட்டுச் சமஷ்டிப் பாராளுமன்ற வரலாற்றில் அத்தகைய குழு அதுவே முதலாவது. அரசின் அறிக்கை பாராளுமன்றத்தைத் தவறான வழியில் இட்டுச்சென்றது என்று குழு ஒளிவுமறைவின்றிக் கூறியது. 100 விமானங்கள் 57 ஆகக் குறைக்கப்பட்டன. வான்படைத் தலைவர் பிறிமோ பதவியிழந்தார்; இராணுவத் தலைமை அதிகாரி அனசோன் விலகினார். இராணுவத் திணைக்களத்துக்குப் பொறுப்பான அமைச்சர் போல் சோடே மட்டும் 1966 முடியும்வரை ஆசனத்தைப் பற்றிக்கொண்டிருந்தார். சிப்பாய்க்கு ஒரு நீதி, அமைச்சருக்கு ஒரு நீதி என்பர் எம்மூரில். அங்கே தளபதிக்கு ஒரு நீதி என்று திருத்திக்கொள்ளலாம். எனினும் பாராளுமன்ற விசாரணைக்குழுவுக்குச் சட்டத்தில் நிலையான இடம் கிடைத்தது அவ்விவகாரத்தின் நற்பேறு எனல் தகும்.

அதன் பின்னர் இப்பிரச்சினை மக்கள் மன்றத்துக்கே சென்றது. 1993 யூனில், 34 எவ்/ஏ-18 விமானங்களை ஏறத்தாழ 350 கோடிக்கு வாங்குவதை எதிர்த்த முன்முயற்சியை 57 வீதத்தினர் நிராகரித்தனர். 2014 மே மாதத்தில் நிலைமை மாறிற்று: சுவீடனின் கிறிப்பன் விமானங்கள் 22 வாங்குவதற்கான 312.6 கோடியை 53.4 வீதத்தினர் மறுத்தனர். அவ்வாண்டு பெப்ரவரியில் நிகழ்ந்த ஒரு வேடிக்கையை இங்கு கூறாதிருத்தல் இயலாது. கடத்தப்பட்ட எதியோப்பிய விமானம் ஒன்று விடியுமுன் ஜெனீவாவில் வந்திறங்கியது. அதற்குத் துணையாகப் பறந்தவை இத்தாலிய, பிரான்சியப் போர்விமானங்கள். சுவிஸ் விமானிகளோ அந்நேரத்தில் கடமையில் இல்லை. அவர்களுடைய விழிப்புப்பணி அலுவலக நேரத்துக்கு மட்டுமே உரியதாயிருந்தது. விமானம் இல்லாமையன்று, விமானி இல்லாமையே அன்றைய குறை.

2020 செப்டெம்பர் 27 ஆந் திகதி அரசு வேறொரு உபாயத்தைக் கையாண்டது. எந்த விமானம் என்று கூறாமல், 600 கோடி பிராங்குக்கு மேற்படாத செலவுக்கு மட்டும் மக்களின் இசைவைக் கேட்டது. செலவில் 60 வீதத்துக்கு ஈடான வேலை சுவிஸ் தொழிற்சாலைகளுக்குக் கிடைக்கும் என்றும், அது ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலிய மொழிப் பிரதேசங்களிடையே பங்கிடப்படும் என்றும் ஆசை காட்டப்பட்டது. 50.1 வீதத்தினர் இசைந்தனர். முப்பத்திரண்டு இலட்சம் வாக்குகளில் வேறுபாடு 9,000 இற்கும் குறைவு. 2021 யூனில்தான் அமெரிக்காவின் எவ்-35 விமானம் 36 என்று அரசு அறிவித்தது. முப்பதாண்டுப் பராமரிப்பையும் சேர்த்தால் செலவு ஏறத்தாழ 1,550 கோடி. இதனை எதிர்த்து இடதுசாரிகளும் பசுமைக்கட்சியினரும் திரட்டிய ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்கள் 2022 ஓகஸ்டில் கையளிக்கப்பட்டன. அரசு வாக்கெடுப்புக்குக் காத்திராது அடுத்த மாதமே ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டது. பெயர் கூறாமற் பெற்ற ஆணையைக் கொண்டு, பெயர் கூறிக் கேட்ட கேள்வியை மூடியது இது. சட்டம் இதற்கு இடமளித்திருக்கலாம். சனநாயகத்தின் நாகரிகம் இதுவன்று என்பதே எமது துணிபு.

விலை மாறாது என்று அரசு அடித்துக் கூறியது. அதற்குச் சட்ட உறுதி இல்லை என்று அரசின் கணக்காய்வு அலுவலகமே 2022 இல் எச்சரித்தது, எவரும் செவிசாய்க்கவில்லை. 2025 யூனில் உண்மை வெளியாயிற்று. மாறா விலை என்றது அமெரிக்க அரசு உற்பத்தியாளருடன் தொகுதி தொகுதியாகப் பேசி முடிக்கும் விலையையே என்றும், சுவிஸ் தரப்பு அதனைத் தவறாக விளங்கிக்கொண்டது என்றும் வாஷிங்டன் கூறியது. மேலதிகச் செலவு 65 கோடி முதல் 130 கோடி டொலர் வரை ஆகலாம் என்று மதிப்பிடப்பட்டது. விமானத்தைத் தெரிந்த காலத்துப் பாதுகாப்பு அமைச்சர் வியோலா அம்கேட் அவ்வாண்டு மார்ச் இறுதியிலேயே பதவியை விட்டு நீங்கிவிட்டார். அதே ஆண்டில் அமெரிக்கா சுவிஸ் பொருள்கள்மீது 39 வீதத் தீர்வையும் விதித்தது. எனினும் அரசு கொள்வனவைக் கைவிடவில்லை. 600 கோடிக்குள் அடங்குமளவுக்கு, 36 இலும் குறைந்த தொகையையே வாங்குவது என்று டிசெம்பரில் அறிவித்தது.

இவ்விவகாரத்தை விசாரிக்கப் பாராளுமன்றத்தின் மேற்பார்வைக் குழு 2025 கோடையில் முன்வந்தது. பூர்க்லர் குழுவைப் போன்று அதுவும் பேர்ணிலுள்ள அதிகாரிகளை அழைத்து வினவலாம். விலையைத் தீர்மானிப்போர் வாஷிங்டனில் உள்ளனர். அவர்களை அழைக்க அதற்கு அதிகாரம் இல்லை.