கரபாத்திரமும் கரும்பலகையும்



டேனரியும் சுண்ணாம்புக் குழியும் பாலாறும் சூழ்ந்த ஆம்பூரில், ஒரு நினைவுச் சொற்பொழிவுக்குத் துறவிகளை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கலாம். அறுபத்து மூன்று நாயன்மார்களில் ஒருவரின் கதை தோலில்தான் தொடங்குகிறது என்பதே நம் பதில்.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்ந்த நந்தனார் சிவன் கோயில்களுக்குக் கொடுத்தவை இவை: பேரிகைக்குப் போர்வைத் தோல், அதை இழுத்துக் கட்டும் வார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு, அர்ச்சனைக்குக் கோரோசனை. அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் போய் முழங்கியது. அதைக் கொடுத்தவர் வாசலுக்கு வெளியே நின்று கும்பிட்டார். தில்லைக்குப் போனபோதும் எல்லையைச் சுற்றி வந்தாரே தவிர உள்ளே போகவில்லை. தீயில் இறங்கி, பழைய உடம்பு போய், பூணூலும் சடைமுடியும் கொண்ட முனிவராக எழுந்த பிறகே உள்ளே போனார் என்கிறது புராணம். ஒரு பறையர் துறவியாக வேண்டுமானால் முதலில் எரிய வேண்டும் என்பதுதான் இதன் பொருள்.

இந்தக் கதையை நம் முன்னோர் எல்லாரும் தலையாட்டி ஏற்கவில்லை. நந்தன் பௌத்த அரசன் என்றும், சதியால் கொல்லப்பட்டான் என்றும் பண்டிதர் அயோத்திதாசர் 'இந்திரர் தேச சரித்திர'த்தில் எழுதினார். 1907இல் தொடங்கிய அவருடைய தமிழன் இதழுக்கும், அவர் வளர்த்த பௌத்த சங்கத்துக்கும் கோலார் தங்கவயல் பெரிய தளமாக இருந்தது. அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களில் பலர் நம் பழைய வடஆற்காட்டுச் சேரிகளிலிருந்து போனவர்கள். ஆம்பூர் வழியாக ஜோலார்பேட்டைக்குப் போகும் இந்த இருப்புப்பாதைதான் அவர்களை அங்கே கொண்டுபோனது.

அதே தங்கவயலுக்குப் போன இன்னொரு குடும்பத்தின் பிள்ளை முனுசாமி. 1890 ஜனவரி 27இல் ஆரணி அருகே மேல்புதுப்பாக்கத்தில் பிறந்து, திண்டிவனத்து மிஷன் பள்ளியில் படித்தவர். பௌத்தம் பரவிக்கொண்டிருந்த அந்த ஊரிலிருந்து அவர் வேறு வழியில் போனார். சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சிவப்பிரகாச சுவாமிகளிடம் சீடராகி, சகஜானந்தர் என்ற பெயர் பெற்றார்.

கரபாத்திரம் என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிப்போம். திருவோடுகூட வைத்துக்கொள்ளாமல், கையையே பாத்திரமாக்கிப் பிச்சை ஏற்று உண்பது துறவிகளின் கடுமையான நெறிகளில் ஒன்று. ஊர் அதைப் பார்த்து வணங்கும். அதே ஊரில் நம் தாத்தாக்களுக்குப் பாத்திரம் தரமாட்டார்கள். குவித்த கையில் எட்ட நின்று தண்ணீர் ஊற்றுவார்கள். இரண்டு பேரும் நீட்டியது வெறும் கைதான். ஒருவருக்கு அது விரதம், மற்றவருக்கு அவமானம். எல்லாம் இருந்து விட்டவனைத்தான் துறவி என்று சமூகம் ஒப்புக்கொண்டது. எதுவும் கொடுக்கப்படாதவன் எதைத் துறப்பது?

சகஜானந்தர் தம் வாழ்க்கையால் இதற்குப் பதில் சொன்னார். 1910இல் சிதம்பரம் சென்றார். நந்தனார் பெயரால் மடம் அமைத்தார். 1916இல் 25 பிள்ளைகளோடு பள்ளி தொடங்கினார். விடுதியும் வந்தது. காவி கட்டி, ஞான நூல்களைக் கற்ற ஒருவர் காட்டுக்கோ குகைக்கோ போகவில்லை. நம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையும் சோறும் தேடி ஊர் ஊராக நடந்தார். 1926இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குள் நுழைந்து, கல்விக்காகவும் நிலத்துக்காகவும் கோயில் நுழைவுக்காகவும் பேசினார். 1959 மே 1இல் மறையும்வரை அவர் பணி நிற்கவில்லை. நந்தனார் பெயரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இன்றும் சிதம்பரத்தில் அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. நந்தனார் கதையை ஏற்றவர்தான். ஆனால் தம் மாணவர் எவரையும் அவர் தீக்கு அனுப்பவில்லை.

அவர்மேல் நமக்கு விமர்சனம் உண்டு. இந்து மதத்துக்குள் நின்றே விடுதலை கேட்டார். காங்கிரசோடு நடந்தார். நந்தனாரை எரித்த கதையின் பெயரையே பள்ளிக்கு வைத்தார். அயோத்திதாசர் வழியிலும் அம்பேத்கர் வழியிலும் வந்த நமக்கு இது உறுத்தும், உறுத்த வேண்டும். ஆனால் அந்த உறுத்தலுக்காக அவரை நம் வரலாற்றிலிருந்து தள்ளிவிட்டால், காவி என்றாலே தங்களுக்குச் சொந்தம் என்பவர்கள் அவர் படத்துக்கும் மாலை போட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். அவர் கட்டிய பள்ளியை மறைத்துவிட்டு, அவர் கட்டிய துணியை மட்டும் காட்டுவார்கள்.

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். சகஜானந்தரின் சட்டசபைப் பேச்சுகளைத் தேடிப் படியுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், தங்கவயல் போய் வந்தவர்களிடம், நம் சேரிகளுக்கு வந்துபோன சாமியார்களைப் பற்றிக் கேளுங்கள். அவர் என்ன பாடினார், யார் வீட்டில் சாப்பிட்டார், யாருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார் என்று எழுதி வையுங்கள். தோல் தந்த கைகளின் வரலாற்றை நாம்தான் எழுத வேண்டும்.